கப்பித்தான் கெலிங் சாலையும் கைபேசி யாத்திரையும்

ஓர் ஊர் சிறப்புடையதாய் இருப்பது வேறு. அச்சிறப்பு அயல்நாட்டான் செவிக்கு எட்டுவது வேறு. மனிதன் வீட்டை விட்டுக் கடல் கடந்து புறப்படுமுன், அவன் போகவிருக்கும் இடத்தைப் பற்றிய செய்தி ஒன்று அவன் வாயிலுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். செய்தி எட்டாத இடத்திலிருந்து விருந்தினன் வருவதில்லை. ஆதலின், இன்ன நாட்டுக்கு இத்தனை பேர் சுற்றுலா வந்தனர் என்று கணக்கெழுதுவோர் அந்நாட்டின் மலையையும் மணற்கரையையும் கோபுரங்களையும் மட்டும் எண்ணினாற் போதாது. செய்தியைச் சுமந்து சென்றவர் யார், அவருக்குக் கூலி கொடுத்தவர் யார், அவர் சொன்னது எவ்வளவு, சொல்லாமல் விட்டது எவ்வளவு என்பவற்றையும் கேட்டாக வேண்டும்.

இன்று அந்தச் சுமைகாரன் கைபேசி. உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு கருவியே உலக மக்களை நாடுவிட்டு நாடு செலுத்துகிறது என்றும், இப்படியொரு புதுமை முன்னெப்போதும் நிகழ்ந்ததில்லை என்றும் பலர் வியந்து பேசுகின்றனர். கருவி புதிது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது செய்யும் வேலை மிகப் பழையது. இவ்வுண்மையை விளக்க நாம் நெடுந்தொலைவு அலைய வேண்டியதில்லை. தமிழன் காலடி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பதிந்துவரும் ஒரே ஒரு தெருவின் வரலாறு போதும். பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையே அத்தெரு.

தெருவும் அதன் பெயரும்

சாலை நீளமானதன்று, மெல்ல நடப்பவரும் கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். வடகோடிப் பக்கத்தில் 1818-இல் எழுந்த ஆங்கிலத் திருச்சபையின் புனித ஜார்ஜ் தேவாலயம் வெண்தூண்களோடு நிற்கிறது. அதனை அடுத்து, 1800-ஐ ஒட்டிச் சீனர் அமைத்த குவான் யின் கோயில் ஊதுவத்திப் புகையில் மூழ்கிக் கிடக்கிறது. பக்கத்துக் குயீன் தெருவை முகப்பாகக் கொண்டு 1833-இல் கட்டப்பட்ட மகாமாரியம்மன் கோயில் உண்டு. தெற்கே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் குவிமாடங்கள் தெரிகின்றன. இன்னுஞ் சிறிது தூரம் சென்றால் 1808-ஐச் சேர்ந்த ஆச்சே தெருப் பள்ளிவாசலையும் காணலாம்.

ஆங்கிலேயர் இச்சாலைக்கு இட்ட பெயர் பிட் தெரு. பிரிட்டிஷ் பிரதம மந்திரியாயிருந்த வில்லியம் பிட்டின் பெயர் அது. அவர் இத்தீவை ஒருநாளும் மிதித்தவரல்லர். அரசு மாறிய பின்னரே, தெருவில் வாழ்ந்து, பொருளீட்டி, பள்ளிவாசல் எழுப்பிய மனிதரின் பட்டம் தெருவின் பெயராயிற்று. கப்பித்தான் என்பது ஒரு சமூகத்தாருக்குத் தலைவராக அரசு ஏற்றுக்கொண்டவரைக் குறிக்கும் பட்டம். கெலிங் என்பது கலிங்கம் என்னும் பழம்பெயரின் திரிபு என்று அறிஞர் கூறுவர். பிற்காலத்தில் அச்சொல் இந்தியரை இழித்துரைக்கும் சொல்லாகிப் பலர் நெஞ்சைப் புண்படுத்திற்று. எனினும் பள்ளிவாசலின் பெயரில் அது பழைய பொருளோடு நிலைபெற்றிருக்கிறது. பெயர்ப்பலகையைப் படம் பிடித்துச் செல்லும் ஆயிரவரில் எத்தனை பேருக்கு இவ்வேறுபாடு தெரியும்? படம் பலகையைக் காட்டும். பலகைக்குப் பின்னுள்ள மனிதரைக் காட்டாது.

வாய்ச்சொல் கொண்டுவந்த கூட்டம்

தமிழர்க்கு இக்கடற்கரை புதிதன்று. பட்டினப்பாலை கூறும் காழகம் என்பது கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை கண்டார். அந்தக் கடாரமாகிய கெடாவின் சுல்தானுக்கு உரியதாயிருந்தது பினாங்குத் தீவு. 1786-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் என்பவர் அதில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். வரியில்லாத் துறைமுகம் என்ற செய்தி கடலெங்கும் பரவிற்று.

1794-இல் லைட் எழுதிய கடிதம் ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் ஏறக்குறைய ஆயிரம் பேர் கடைக்காரராகவும் கூலியாட்களாகவும் தீவில் குடியிருக்கின்றனர் என்று அவர் அதில் குறிக்கிறார். இவரன்றி ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, சிறிது பொருள் தேடிக்கொண்டு ஊர் திரும்புகின்றனர் என்றும், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்துவிடுகின்றனர் என்றும் எழுதுகிறார்.

இவ்வளவு பேரை ஆண்டுதோறும் அழைத்து வந்தது எது? அச்சிட்ட விளம்பரமா? இல்லை. சென்று திரும்பியவனின் வாய்ச்சொல். நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் திண்ணையில் அமர்ந்து அவன் சொன்ன கதையைக் கேட்டவன், அடுத்த காற்றில் கப்பல் ஏறினான். சொன்னவன் கேட்டவனுக்கு உறவினன், அல்லது ஊரான். பொய் சொல்லியிருந்தால் நாளை அதே திண்ணையில் அவன் முகங்கொடுக்க வேண்டும். செய்தியின் பின்னே பொறுப்புடைய ஓர் ஆள் இருந்தான் என்பதை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

அவ்வாறு வந்தோர் தொழவும் கூடவும் இடம் வேண்டினர். 1801-இல் துணைநிலை ஆளுநர் ஜார்ஜ் லீத் காலத்தில் 18 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டது. கப்பித்தான் கெலிங் எனப் பட்டம் பெற்ற காதர் மொகிதீன் முன்னின்று பள்ளிவாசலை எழுப்பினார். அவர் 1834-இல் மறைந்தார். முதலில் எளிமையாயிருந்த கட்டடம், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூப்ரோனர் என்னும் சிற்பியின் வரைபடப்படி இன்று நாம் காணும் குவிமாடங்களோடு பெரிதாக்கப்பட்டது. அதற்கு முன்பே, பள்ளிவாசலுக்குரிய சொத்தின் நிர்வாகத்தில் சீர்கேடு மலிந்தது. முஸ்லிம், இந்து அறநிலையங்களை மேற்பார்க்க 1905-இல் அரசு தனிச்சட்டம் இயற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். அறச்சொத்து கேட்பாரற்றுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே சான்று.

கங்காணியும் வழிகாட்டிப் புத்தகமும்

வாய்ச்சொல்லின் காலம் கழிந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1870-இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி போடப்பட்டது. வாரக்கணக்கில் வந்த செய்தி மணிக்கணக்கில் வரலாயிற்று. ஆர்மீனியரான சார்க்கிஸ் சகோதரர் 1884-இலும் 1885-இலும் ஈஸ்டர்ன், ஓரியண்டல் என்ற விடுதிகளைத் தொடங்கினர்; அவை இணைந்து பெயர்பெற்ற ஒரே விடுதியாயின. நீராவிக் கப்பலில் வந்த வெள்ளையர் கையில் வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. எந்த அருவியைப் பார்க்க வேண்டும், எந்தக் கோயிலுக்கு ரிக்‌ஷாவில் போக வேண்டும் என்பவற்றை அது சொல்லிற்று. மூட்டை தூக்கும் தமிழனும் அதில் இடம் பெற்றான். ஆனால் மனிதனாக அன்று. தென்னை மரத்தைப் போல, மாட்டு வண்டியைப் போல, காட்சியின் ஒரு பகுதியாக.

அதே காலத்தில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வேறொரு செய்தியாளன் திரிந்தான். அவன் கங்காணி. மலாயாவில் பால்மரக் காடு பொன் விளைக்கிறது என்றான். வயிறார உணவு, கைநிறையக் கூலி என்றான். அவன் சொல்லை நம்பி ஆயிரமாயிரம் குடும்பங்கள் பினாங்குத் துறையில் வந்திறங்கின. சொல்லாமல் விட்டவை தோட்டத்துக் காய்ச்சல், கடன், பிரம்படி ஆகியவை. ஏன் விட்டான்? ஆள் ஒன்றுக்கு அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் மலாயாவில் ஒழிந்தது. கங்காணி முறை அதன் பின்னும் நீடித்தது. 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்த பின்னரே அந்தப் பிரசாரம் ஓய்ந்தது.

இதில் நாம் கற்கும் பாடம் ஒன்றுண்டு. செய்தி சொல்பவனுக்குத் தலைக்காசு உண்டென்றால், அவன் சொல்லை ஒருமுறைக்கு இருமுறை நிறுத்துப் பார்க்க வேண்டும். இப்பாடத்தை வாசகர்கள் முடிந்து வைத்துக்கொள்க, பின்னால் தேவைப்படும்.

1926-இல் கட்டிய ரஜூலா கப்பல் 1973 வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிற்று. அதன் மேற்தட்டில் பாய் விரித்துக் கிடந்தோர் தமிழ்த் தொழிலாளரும் வணிகரும். அறைகளில் பயணம் செய்தோர் செல்வர். ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே துறை. ஆனால் ஒருவரைக் கொணர்ந்தது கடிதமும் கங்காணியும். மற்றவரைக் கொணர்ந்தது வழிகாட்டிப் புத்தகம். இருவரும் இறங்கிய ஊர் ஒன்றாயினும், அவர்கள் கண்ட ஊர் இரண்டு.

சுவரில் ஒரு சைக்கிள்

விடுதலைக்குப் பின் காட்சி மாறிற்று. 1969-இல் ஜார்ஜ் டவுன் தன் வரியில்லாத் துறைமுக உரிமையை இழந்தது. வாணிகம் தளர்ந்தது. வேலைக்கு வழிதேடிய மாநில அரசு 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற தொழில் வட்டாரத்தை அமைத்தது. அவ்வாண்டே இன்டெல் நிறுவனம் அங்குத் தொழிற்சாலை நிறுவிற்று. உலகின் கணிப்பொறிகளுக்கு உயிர்நாடியான சில்லுகளை இத்தீவுப் பெண்கள் கோத்துக் கொடுத்தனர். அக்கணிப்பொறிகளே ஒருநாள் தங்கள் பழைய தெருக்களின் தலையெழுத்தை எழுதும் என்று அன்று யார் நினைத்திருப்பர்?

பழைய நகரமோ அந்நாளில் தேடுவாரற்றுக் கிடந்தது. வந்த சுற்றுலாக்காரர் பத்து பெரிங்கிக் கடற்கரைக்குப் போயினர். தெருவீடுகளில் ஏழை எளியோர் குறைந்த வாடகையில் வாழ்ந்தனர். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களைக் காத்தது. வீடுகளையும் இடிபடாமல் காத்தது. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அச்சட்டம் ஒழிந்தது. வாடகை ஏறிற்று, குடியிருந்தோர் வெளியேறலாயினர். 2008 ஜூலை 7-ஆம் நாள் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் உலக மரபுரிமை நகரங்கள் என்று யுனெஸ்கோ அறிவித்தது. குடிகள் வெளியேறத் தொடங்கிய பின்பே ஊர் உலகப் புகழ் பெற்றது!

இவ்வேளையில்தான் மின்னணுச் செய்தியாளன் வந்து சேர்ந்தான். 2001-இல் கைமாறிய ஏர் ஏசியா நிறுவனம் மறு ஆண்டு முதல் இணையத்தில் மலிவாகச் சீட்டு விற்றது. 2010-இல் இன்ஸ்டாகிராம் பிறந்தது. அவ்வாண்டே ஜார்ஜ் டவுன் விழாவும் தொடங்கிற்று. 2012-இல் அவ்விழாவுக்காக லித்துவேனிய நாட்டு ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் நகரத்துச் சுவர்களில் சில ஓவியங்கள் தீட்டினார். அவற்றுள் ஒன்று நம் சாலையின் தென்பகுதியை ஒட்டிய ஆர்மீனியன் தெருவில் உள்ளது. அக்காள் சைக்கிள் மிதிக்க, தம்பி பின்னால் இறுகப் பற்றிக்கொண்டு சிரிக்கும் ஓவியம் அது. பிள்ளைகள் வண்ணத்தில், சைக்கிளோ உண்மைச் சைக்கிள், சுவரில் பதித்தது.

அப்புறம் நடந்தது பலரும் அறிந்ததே. ஒருவர் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துப் பேஸ்புக்கில் இட்டார். அதைக் கண்ட பத்துப் பேர் அதேபோல் நிற்க வந்தனர். சில ஆண்டுகளில் அச்சுவரின் முன் மக்கள் வரிசை பிடித்து நின்றனர். அவ்வுருவம் சட்டையிலும் சாவிக்கொத்திலும் ஏறிற்று. அதனைப் பின்பற்றி வேறு பலரும் ஊரெங்கும் சுவர்களை வண்ணத்தால் நிரப்பினர். நூற்றாண்டுக் கணக்கில் உழைத்துக் கட்டிய தேவாலயமும் கோயில்களும் பள்ளிவாசலும் செய்யாத விளம்பரத்தை ஒரு சைக்கிள் செய்து முடித்தது.

கணக்கின் குணம்

இஃது எவ்வாறு நிகழ்கிறது? சமூக வலைத்தளங்களின் பின்னே ஒரு கணக்கு முறை இயங்குகிறது. ஒருவர் எந்தப் படத்தை அதிக நேரம் நோக்குகிறார், எதை விரும்பித் தட்டுகிறார், எதைப் பிறர்க்கு அனுப்புகிறார் என்பவற்றை அது குறித்துக்கொள்ளும். பலர் நோக்கியதையே மேலும் பலர்க்குக் காட்டும். கூட்டம் கண்ட இடத்திற்கே கூட்டம் சேரும். உள்ளவனுக்கே மேலும் கொடுக்கும் உலகியல்பு இங்கும் கோலோச்சுகிறது. நூறு அடி தள்ளித் தொப்பி தைப்பவரின் கடை இருக்கலாம். பொற்கொல்லரின் பட்டறை இருக்கலாம். அவற்றை ஒருவரும் படம் எடுக்கவில்லை என்றால், அக்கணக்குக்கு அவை இல்லாதவையே.

யாத்திரையின் நோக்கமும் இதனால் மாறிவிடுகிறது. அறியாத ஒன்றை அறிவதற்காகப் பயணம் செய்தது அந்தக் காலம். முன்பே கண்ட படத்தைத் தானும் எடுப்பதற்காகப் பயணம் செய்வது இந்தக் காலம். கோபுரத்தைப் பார்க்கப் போனவன் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தன் முகத்தைப் பார்த்துத் திரும்புகிறான்!

நிற்க. கைபேசி ஆசையை மூட்டலாம்; கதவைத் திறக்க அதனால் இயலாது. 2019-இல் மலேசியாவுக்கு வந்த அயல்நாட்டார் 2 கோடியே 61 லட்சம் பேர். கொரோனா நோய் பரவி எல்லை அடைபட்ட 2020-இல் வந்தவரோ 43 லட்சம் பேரே. அவருள்ளும் பெரும்பாலோர் ஆண்டுத் தொடக்கத்தில் வந்தவர். அந்த நாட்களில் வீட்டுக்குள் அடைபட்ட மக்கள் முன்னைக் காட்டிலும் மிகுதியாகக் கைபேசியில் மூழ்கியிருந்தனர். படம் பார்த்தோர் பெருகினர்; தெருவில் நடந்தோர் அருகினர். பார்வையே பயணமாகிவிடும் என்று முழங்கியோர்க்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டுமோ?

பின்னர்க் கதவு திறந்தது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர் 30 நாள் வரை விசாவின்றி வரலாம் என்று மலேசிய அரசு அறிவித்தது. 2024 ஜனவரி முதல் வருகைப் படிவம் இணையத்திலேயே நிரப்பத் தக்கதாயிற்று. 2024 டிசம்பர் 21-இல் இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேர் விமானத்தைத் தொடங்கிற்று. நாகையிலிருந்து ஐந்தாறு நாள் கடலில் உழன்று வந்த வழியைச் சில மணி நேரத்தில் கடக்கும் வாய்ப்பு வந்தது. ஆகவே, செய்தியும் சட்டமும் ஊர்தியும் ஆகிய மூன்றும் கூடினால்தான் மக்கள் பெருக்கு உண்டாகும். மூன்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, எல்லாம் கைபேசியின் மகிமை என்பது, ஏரிக்கு நீர் மதகால் வந்தது என்பது போன்ற பேச்சு.

ஆதாயம் யாருக்கு?

வருவோர் தொகை பெருகுவது நல்லதே. 1950-இல் உலகெங்கும் நாடு கடந்து சுற்றுலா போனோர் இரண்டரைக் கோடிப் பேர். 2019-இல் 146 கோடிப் பேர். செல்வர்க்கே உரியதாயிருந்த இன்பம் ஆசிரியர்க்கும் எழுத்தர்க்கும் கிட்டியிருக்கிறது. இதை வெறுப்பவன் பொதுமக்களை வெறுப்பவனே. ஆனால் பெருக்கு வந்தால் பயிர் விளைகிறதா, வரப்பு உடைகிறதா என்று பார்க்க வேண்டாமா?

விடுதி பிடித்துத் தரும் இணைய நிறுவனம் விடுதிக்காரரிடமிருந்து வாடகையில் ஒரு பங்கைத் தரகாக எடுத்துக்கொள்கிறது. அந்நிறுவனம் இருப்பது வேறு நாட்டில். நாள் வாடகைக்கு விட்டால் மிகுதி கிடைக்கும் என்று கண்ட வீட்டுக்காரர், மாத வாடகைக்குக் குடியிருந்தவரை விலக்குகிறார். இந்நிலை கண்டு பினாங்குத் தீவு மாநகர் மன்றம் 2023-இல் குறுங்கால வாடகை வீடுகளுக்கு விதிகள் வகுத்தது. உணவை நாவில் வைக்குமுன் படம் எடுத்துப் புகழ்பவரில் சிலர் கடைக்காரரிடம் பணம் பெற்றுக்கொண்டே புகழ்கின்றனர். பணம் பெற்றேன் என்று சொல்லிப் புகழ்வோரும் உண்டு. சொல்லாமல் புகழ்வோரும் உண்டு. வாசகர்களே, கங்காணியின் தலைக்காசை இப்போது நினைவுகூருங்கள். கங்காணி தலைப்பாகை கட்டியிருந்தான், இவர் கட்டவில்லை. வேறுபாடு அவ்வளவே என்று நாம் சொல்லமாட்டோம். கங்காணியை நம்பியவன் வாழ்க்கையையே இழந்தான். இவரை நம்பியவன் ஒருவேளை உணவுக்கான பணத்தை இழப்பான். ஆனால் கூலி வாங்கிச் சொல்லும் செய்தியின் இயல்பு ஒன்றே.

இனி, நம் மனத்தை மிகவும் உறுத்துவது வேறு. கைபேசி, பினாங்கின் சிறந்த நாசி கண்டார் கடைகள் பத்து என்று பட்டியல் போட்டுத் தருகிறது. கண்டார் என்பது தோளில் தாங்கும் தடி. அத்தடியின் இரு முனையிலும் சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியும் தொங்கவிட்டு, துறைமுகக் கூலிகளுக்குச் சோறு விற்றவர் தமிழ் முஸ்லிம்கள். அவர்களை அழைக்கும் மாமாக் என்ற சொல்லே மாமா என்னும் தமிழ் முறைப்பெயரிலிருந்து வந்தது. சோறு புகழ் பெற்றது. சுமந்த தோள் மறைந்தது.

அவ்வாறே, நல்லிணக்கச் சாலை என்று இத்தெருவுக்கு ஒரு செல்லப்பெயர் வழங்குகிறது. நான்கு சமயத்தார் அருகருகே தொழுகின்றனர் என்பது உண்மை, பெருமைக்குரிய உண்மை. ஆனால் ஒற்றுமை இங்கே மரத்தில் காய்த்ததன்று. 1867 ஆகஸ்டில் இத்தெருக்களிலேயே பெருங்கலகம் மூண்டது. வெள்ளைக்கொடி, செங்கொடி என்ற முஸ்லிம் கூட்டங்கள் சீன ரகசியச் சங்கங்களோடு கூடிக்கொண்டு ஒன்றையொன்று தாக்கின. கவனிக்க: சண்டை சமயத்துக்கும் சமயத்துக்கும் அன்று. இருபுறமும் சீனரும் முஸ்லிம்களும் கலந்தே நின்றனர். ஆதிக்கத்துக்காக மூண்ட சண்டை அது. பக்கத்திலுள்ள பீரங்கித் தெரு அக்கலகத்தில் வெடித்த பீரங்கியால் பெயர் பெற்றதென்று வழங்குகிறது. அவ்வளவு பகைக்குப் பின்னும் அடுத்தடுத்த வீட்டில் வாழக் கற்றுக்கொண்டார்களே, அதுவன்றோ இத்தெருவின் மாண்பு? கலகத்தை மறைத்து இணக்கத்தை மட்டும் காட்டினால் இணக்கம் மலிவாகிவிடும். விலை கொடுத்து வாங்கிய பொருளைத் தெருவில் கண்டெடுத்தது போலக் காட்டுவது வரலாறாகாது.

நாம் செய்யத் தக்கது

இவையெல்லாம் கண்டு கைபேசியைத் தூற்றுவது அறிவுடைமை ஆகாது. அச்சுப்பொறி வந்தபோது அதைத் தூற்றியவர் தோற்றனர். அதைக் கைக்கொண்டவர் வென்றனர். அடுத்தவன் நம்மைக் காட்சிப் பொருளாக்கி எழுதிய வழிகாட்டிப் புத்தகத்தைத் திருத்த, அந்நாளில் நமக்கு வழியில்லை. இன்று வழி உண்டு. கைபேசியில் உள்ள வரைபடத்திலே ஓர் இடத்தின் பெயரைச் சேர்க்கவும், பிழையைத் திருத்தவும், படம் இடவும் யார்க்கும் உரிமை இருக்கிறது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா எவர் எழுத்துக்கும் திறந்தே கிடக்கிறது. காசு கேட்காத இக்கருவிகளை விட்டுவிட்டு, நம்மைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்று நாமே புலம்புவோமாயின், குற்றம் யாருடையது?

ஜார்ஜ் டவுனில் வாழும் தமிழ் இளைஞர்க்கு நாம் சொல்வது இது. முதலாவது, காசு மாற்றுவோர், நகை செய்வோர், மசாலை அரைப்போர், தொப்பி தைப்போர் ஆகிய முதியோரின் நினைவுகளை இன்றே ஒலியாகவும் ஒளியாகவும் பதிந்து வையுங்கள். ஒரு தொழிலாளி மறைந்தால் அவரோடு ஒரு நூல்நிலையமே மறைகிறது. இரண்டாவது, அவற்றைத் தமிழில் மட்டுமன்றி மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் தாருங்கள். நம் கதையை நாமே நமக்குச் சொல்லிக்கொள்வதால் விருந்தினன் அறியப் போவதில்லை. மூன்றாவது, குடியிருப்போர் இல்லாத தெரு வெறும் கூடு என்பதை மன்றங்களில் எடுத்துரையுங்கள். சுவர் ஓவியத்துக்குப் பாதுகாப்பு உண்டு. சுவருக்குள் வாழ்பவருக்கும் வேண்டும் என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து விமானம் ஏறும் அன்பர்களுக்கும் ஒரு சொல். சைக்கிளின் பக்கத்தில் நின்று படம் எடுங்கள்; அதில் தவறில்லை. எடுத்தபின் கைபேசியைச் சட்டைப்பையில் இட்டுவிட்டு, சாலை முழுதும் ஒருமுறை நடந்து பாருங்கள். கடைவாயிலில் இருப்பவரிடம், ஐயா, உங்கள் பாட்டனார் எந்த ஊர், எந்தக் கப்பலில் வந்தார் என்று தமிழில் கேளுங்கள். நாகூர் என்பார் ஒருவர். இராமநாதபுரம் என்பார் மற்றொருவர். எந்தக் கணக்கு முறையும் உங்களுக்குக் காட்டாத பினாங்கு அப்போது உங்கள் முன் நிற்கும். ஊர் திரும்பியதும் அதை எழுதுங்கள், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். 1794-இல் திண்ணையில் அமர்ந்து பேசியவனுக்கு இருந்த பொறுப்பு, இன்று இணையத்தில் எழுதுபவனுக்கும் வர வேண்டும்.

பெயரளவில் உலகம் முழுவதற்கும் உரிமையான ஒரு தெரு, அதைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்களுக்கு அயலாகிவிடக்கூடாது. செய்தியைச் சுமப்பவன் எவனாயினும் ஆகுக. செய்தி நம்முடையதாய் இருக்கட்டும்.